பாக்கியவான்கள் மலையில் அம்மாவோடு

மலை என்றுதான் பெயர், நம்ம ஊர் மலைகளைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு மேடு. கீழே கலிலேயாக் கடல். அதுவும் கடல் இல்லை, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிற நன்னீர் ஏரி.

இந்த இஸ்ரேல் யாத்திரைக்குக் கிளம்பும்போது சபையில் எல்லாரும் அம்மாவிடம், "கொடுத்து வச்சவங்க நீங்க, என்ன பாக்கியம்!" என்றார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம். இதே ஆட்கள்தான் போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில், பெண்ணுக்குப் பூ வைக்க அம்மாவைக் கூப்பிடாமல் தாண்டிப் போனவர்கள். (ஞானஸ்நானம் எடுத்தும் இந்தச் சகுனம் மட்டும் நம்மை விடுவதாக இல்லை.)

மலைமேல் உள்ள ஆலயம் 1938-ல் கட்டி முடித்தது, பார்லூட்ஸி என்ற இத்தாலியர் வடிவமைத்தார். இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் வரும் எட்டு 'பாக்கியவான்கள்' வசனங்களுக்காக எட்டுப் பக்கச் சுவர், குவிமாடத்தின் எட்டு ஜன்னல்களிலும் லத்தீனில் ஆளுக்கொரு வசனம். உள்ளே பேசக்கூடாது என்பதால் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பைபிளில் அந்தப் பிரசங்கம் வரும் மத்தேயு 5-ஐ வாசித்தோம்.

"துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்."

பக்கத்தில் இருந்த கத்தோலிக்க அக்கா, தங்கள் பைபிளில் பாக்கியவான்கள் என்பது 'பேறுபெற்றோர்' என்று இருக்கும் என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஆறுதல் இனிமேதான் வரும்னு போட்டிருக்கு. பாக்கியவான்னு மட்டும் எப்படி இப்பவே சொல்றாரு?"

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்ப வாசித்தால், முதலாவதிலும் எட்டாவதிலும் பரலோகராஜ்யம் 'அவர்களுடையது', இப்போதே; நடுவில் உள்ள ஆறும் அடைவார்கள், பெறுவார்கள் என்று வருங்காலம். நாம் பாக்கியம் என்பது கையில் வந்து சேர்ந்ததை, வீடு, பிள்ளை, தாலி. இயேசுவோ கை காலியாக இருக்கும்போதே அந்தப் பெயரை வைத்துவிடுகிறார். லூக்கா சுவிசேஷத்தில் இன்னும் கடுமை, ஐசுவரியவான்களுக்கு 'ஐயோ' என்கிறார், உங்கள் ஆறுதலை அடைந்து தீர்ந்தது என்று.

சரி, அம்மாவுக்கு இதையெல்லாம் நான் விளக்கவில்லை. "நம்ம வசனம் எந்த ஜன்னல்ல இருக்கு?" என்றார். உள்ளே போனோம். வட்டமாக இருக்கிறதே, எங்கிருந்து எண்ணுவது? அங்கிருந்த கன்னியாஸ்திரீயிடம், இரண்டாவது வசனம் என்று இரண்டு விரலைக் காட்டிச் சைகையில் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே மேலே காட்டினார். பஸ்ஸுக்குக் கூப்பிடும்வரை அம்மா அந்த ஜன்னலுக்குக் கீழேயே நின்றார்.