பத்து விநாடிச் சேமிப்பும் இரண்டு மணி நேர ஓட்டமும்

அரை மாரத்தான் பயிற்சியின் நடுவே, தசையின் விரைவு ஆற்றலுக்கு உதவும் கிரியேட்டின் என்ற துணைச்சத்தை எடுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில், நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் உட்கொண்டதில், என் எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. கிரியேட்டின் தசைக்குள் நுழையும்போது நீரையும் உடன் இழுத்துக்கொள்வதால் கூடிய எடை அது, ஆனாலும் 21.1 கிலோமீட்டரும் அதைச் சுமக்கப்போவது என் கால்கள்தானே!

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு, முழு வேக ஓட்டத்தில் ஓரிரு விநாடிகளுக்குத்தான் வரும். அது தீரத் தீர, தசையில் கிரியேட்டினோடு பாஸ்பேட் சேர்ந்து உண்டாகும் பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதைப் புதுப்பிக்கிறது. அந்தச் சேமிப்பும் பத்து விநாடி அளவில் பெரும்பாலும் கரைந்துவிடும். 1927-இல் இந்தப் பொருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை, சென்னையில் ஓடுகிறவன் என்ற முறையில் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

நெடுந்தூர ஓட்டத்தின் கணக்கு வேறு. சில நிமிடங்கள் கடந்தபின், உடல் சேமித்துவைத்த மாவுச்சத்தான கிளைகோஜனும் கொழுப்பும் ஆக்சிஜனுடன் எரிந்துதான் ஏறக்குறைய முழு ஆற்றலையும் தருகின்றன. ஆகவே பாஸ்போகிரியேட்டினைக் கூட்டுவதால் சீரான வேகத்தில் ஓடுபவருக்குப் பெரிய ஆதாயம் இல்லை. சுவீடன் ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கிரியேட்டின் எடுத்தவர்கள் எடை கூடி, 6 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டத்தை முன்பைவிட மெதுவாகவே முடித்தார்கள். ஆனால் 400 மீட்டர் இண்டர்வல் பயிற்சியில், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையிலான ஓய்வில் அந்தச் சேமிப்பு ஆக்சிஜனின் துணையோடு மீண்டும் நிரம்புவதால், கூடுதல் கிரியேட்டின் அங்கே கைகொடுக்கிறது. எனக்கும் கடைசி இரண்டு சுற்றுகள் முன்போல் தளரவில்லை. நான் சைவ உணவுக்காரன் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்: இறைச்சியும் மீனும் உண்ணாதவர்களின் தசையில் கிரியேட்டின் இயல்பாகவே குறைவு என்பதால், மாத்திரையாகவோ தூளாகவோ எடுக்கும்போது அவர்களிடம் ஏற்றமும் அதிகம்.

இரண்டாம் மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நலத்தைக் கணிக்க உதவும் 'கிரியேட்டினின்' (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு எல்லையைத் தாண்டியிருந்ததைப் பார்த்து வீட்டில் அனைவரும் பதறினர். உடலிலுள்ள சுமார் 120 கிராம் கிரியேட்டினில் நாள்தோறும் 2 கிராம் அளவு தானாகவே கிரியேட்டினினாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. கையிருப்பு கூடினால், சிறுநீரகம் நலமாக இருக்கும்போதே இரத்தத்தில் இந்த எண் உயரக்கூடும். மருத்துவர், கிரியேட்டினைச் சாராமல் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் சிஸ்டாட்டின் சி பரிசோதனையையும் செய்யச் சொன்னார். அது இயல்பாக இருந்தது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இப்போது வேகப் பயிற்சி நடக்கும் மாதங்களில் நாளுக்கு 3 கிராம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு வாரங்களில் தசை நிரம்ப அதுவே போதும். நிறுத்தியபின் பழைய அளவுக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதால், அரை மாரத்தானுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே டப்பாவை மூடிவிடுகிறேன்.