பெர்சி அரங்கில் தகுதிச்சுற்று: டிக்கெட்டுக்குப் பட்ட பாடும் பார்த்ததும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் பெர்சி அரங்கில் நடந்த பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தகுதிச்சுற்றுக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கிய பலருக்கும் என் கதைதான் நடந்திருக்கும். டிக்கெட் விற்பனை 2023 தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அப்போது பாரிஸுக்கு இடம் உறுதியாகியிருந்த அணிகள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுதான். மீதி ஒன்பது அணிகள் அந்த அக்டோபரில் ஆண்ட்வெர்ப் உலகப் போட்டியில் முடிவாயின. தகுதிச்சுற்றில் அணிகளை வேளை வாரியாகப் பல பிரிவுகளாக இறக்குவார்கள். யார் எந்தப் பிரிவில் இறங்குவார்கள் என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. ஆக, 2024 ஜூலை 28 என்ற தேதியையும் ஏதோ ஒரு வேளையையும் மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

எனக்குக் கிடைத்தது சாயங்கால வேளை. பட்டியல் வந்தபோது அமெரிக்கா இரண்டாம் பிரிவு, காலை 11:40 மணிக்கு. என் தங்கையோ அமெரிக்க நட்சத்திரம் சிமோன் பைல்ஸைப் பார்ப்பதற்கென்றே விடுப்பு போட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். சமூக வலைத்தளத்தில் ஒருவர் காலை வேளைக்கு இரண்டு டிக்கெட் இருப்பதாகச் சொன்னார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. முன்பணம் போனதும் பேச்சு மாறியது. "ஆப் வழியாக என் பெயருக்கு மாற்றிவிடுங்கள்" என்று கேட்டால், இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "இதைக் காட்டினாலே உள்ளே விடுவார்கள்" என்றார். பாரிஸில் டிக்கெட் முழுக்க ஆப்பில்தான். ஸ்கிரீன்ஷாட் வாசலில் செல்லாது. அதைச் சொன்னதும் ஆள் காணாமல் போனார். பணம் போனது போனதுதான். எனக்குப் பணத்தைவிட, தங்கையிடம் "கிடைத்துவிட்டது" என்று சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியிருந்ததுதான் வலித்தது.

காப்பாற்றியது அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளம். மே மாதம் திறந்தது. காலி இடம் திரையில் தெரியும், தொடுவதற்குள் போய்விடும். பகலில் முயல்வது வீண் என்று சீக்கிரமே புரிந்தது. எனக்குப் பலன் தந்தது பின்னிரவுதான். இரண்டு இருக்கைகள் சேர்ந்து வேண்டும் என்று அடம்பிடிக்காமல் தனித்தனியாகத் தேடியபோது, ஒரே பகுதியில் முன்னும் பின்னுமாக இரண்டு கிடைத்தன. சாயங்கால டிக்கெட்டை அதே தளத்தில் போட்டேன், விற்றும் போனது. அடுத்த ஒலிம்பிக்குக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிடைத்த வேளையை வாங்கி வையுங்கள், பிரிவுப் பட்டியல் வந்ததும் மறுவிற்பனையில் மாற்றப் பாருங்கள், தனி ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

மெட்ரோ, சோதனை, வாசல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

உள்ளே போனபின் இன்னொரு சங்கடம். தகுதிச்சுற்றில் வால்ட் (ஓடிவந்து மேசையில் கைவைத்துத் தாண்டுவது), பார்ஸ் (மேலும் கீழுமாக இரு கம்பிகள்), பீம் (குறுகலான கட்டை), ஃப்ளோர் (இசையோடு தரையில்) என நான்கு சாதனங்களிலும் ஒரே நேரத்தில் ஆள் இருக்கும். ஃப்ளோர் இசை காதை நிறைக்கும்போது எதிர்மூலையில் பார்ஸில் ஒருவர் இறங்கியே விடுவார். கைதட்டல் கேட்டுத் திரும்பினால் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க முடியாது. ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு அதனுடனேயே சாதனத்துக்குச் சாதனம் போவதுதான் வழி. வால்ட் எங்களுக்குத் தூரம், பீம் நேர் கீழே. அமெரிக்கா பீமில்தான் தொடங்கியது! அந்த நிமிஷத்தில் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

பைல்ஸ் பீமில் 14.733 வாங்கினார். அடுத்தது ஃப்ளோர். அதற்கான வார்ம்-அப்பில் ஏதோ ஆனது. தங்கைதான் முதலில் கவனித்தாள். "அக்கா, அவ காலைப் பாருக்கா" என்று பின்வரிசையிலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இடது கெண்டைக்கால். பயிற்சியாளரிடம் பேசுகிறார், வெளியே போகிறார், கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதியின் நடுவே அவர் விலகியது தெரிந்தவர்கள் யாருக்கும் அப்போது மூச்சு சரியாக வந்திருக்காது. வால்ட் வார்ம்-அப் முடிந்து திரும்பும்போது ஓடுபாதை ஓரமாகக் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தார், பிறகு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போனார். அதற்கப்புறம் அதே ஓடுபாதையில் ஓடிவந்து அவர் வாங்கியது 15.800. நான்கு சாதனமும் சேர்த்து 59.566, அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம்.

எங்கள் பிரிவு முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மொத்தம் ஐந்து பிரிவுகள். கடைசிப் பிரிவு இரவில்தான் முடிகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் தீபா கர்மாகர் வால்ட்டில் 14.850 வாங்கிவிட்டு, மற்ற பிரிவுகள் முடியும்வரை காத்திருந்து, வால்ட் இறுதிக்கு எட்டாவது ஆளாகக் கடைசி இடத்தில் தப்பித்தது இப்படித்தான். பாரிஸில் இந்தியாவிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒருவருமே இல்லை. அந்த மே மாதம்தான் தீபா தாஷ்கண்டில் ஆசிய வால்ட் தங்கம் வென்றிருந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லாதது எனக்கு ஆறவே இல்லை.

இரவு முழுப் பட்டியல் வந்தபோது பிரான்ஸ் 11-ஆவது. முதல் எட்டு அணிகள்தான் இறுதிக்கு. முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கிய அணி, சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் தகுதிச்சுற்றோடு நின்றுவிட்டது. அணி இறுதியில் பிரான்ஸைப் பார்க்கலாம் என்று டிக்கெட் எடுத்து வைத்திருந்த அக்கம்பக்கத்தார் அதை எங்கள் மாடிப்படியிலேயே நின்று பேசித் தீர்த்தார்கள்.

அமெரிக்க அணியின் ஜோர்டன் சைல்ஸ் விஷயம் இன்னும் கசக்கிறது. ஆல்ரவுண்டில், அதாவது நான்கு சாதனங்களும் சேர்ந்த தனிநபர் போட்டியில், 56.065 வாங்கி உலகத்திலேயே நான்காவது இடம். சக அமெரிக்கர்களான பைல்ஸும் சூனி லீயும் முன்னால் இருந்ததால், ஒரு நாட்டுக்கு இருவர் என்ற விதியில் வெளியே போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் 24 பேர் கொண்ட இறுதியில் ஆடினார்கள். சிறிய நாடுகளுக்கும் இடம் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான்காவது வந்தவரை உட்காரவைக்கும் விதியை ஏற்க முடியவில்லை. பலமான நாட்டின் மூன்றாவது ஆள் உங்களுக்குப் பிடித்தவர் என்றால், ஆல்ரவுண்ட் இறுதிக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். அவரை நான்கு சாதனங்களிலும் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் தகுதிச்சுற்றில் மட்டும்தான்.