பழைய வீடும் எங்கள் செலவுக் கணக்கும்

திருச்சியில் சொந்தமாக ஒரு வீடு வாங்குவது என்று நானும் கணவரும் முடிவு செய்தபோது, புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளை விட்டுவிட்டு, தனி மனையோடு கூடிய பழைய வீட்டைத்தான் தேடுவது என்பதில் உறுதியாக இருந்தோம். அடுக்குமாடியில் நமக்குக் கிடைப்பது நிலத்தின் பிரிபடாத பங்கு மட்டுமே. பழைய தனி வீட்டிலோ கொடுக்கும் விலையில் பெரும்பகுதி மண்ணுக்கே போய்ச் சேருகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. பழைய வீட்டின் பழுதுகளை ஒரே மூச்சில் சரிசெய்ய வேண்டியதில்லை. எது இன்றே செய்ய வேண்டியது, எது இரண்டு ஆண்டு பொறுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். எங்களைப் போல மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிக்கனம் என்பது பெரும்பாலும் இந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் கையில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைப் போட்டோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 விழுக்காடு வரையும் வங்கிகள் கொடுக்கலாம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைத்தாலும் மீதி 8 லட்சம் நம்முடையது. அதோடு தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என 3 லட்சத்து 60 ஆயிரம் சேர்கிறது. இந்தச் செலவை வங்கி பொதுவாக வீட்டின் மதிப்போடு சேர்த்துக்கொள்வதில்லை. ஆக, வழக்கறிஞர் கட்டணத்தையும் வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்க்காமலேயே பதினொன்றரை லட்சத்துக்கு மேல் கைப்பணம் வேண்டும். வீடு தேடத் தொடங்குவோர் பலர் மாதத் தவணை எவ்வளவு வரும் என்று மட்டும் பார்த்துவிட்டு, இந்த முதல் தொகையைக் கடைசி நேரத்தில் நகையை அடகு வைத்துப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை எங்களுக்கு வரக் கூடாது என்று முன்கூட்டியே அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு போட்டு வந்தோம்.

அந்தச் சேமிப்புக்கு வழிவிட்டவை அன்றாடச் செலவுகள்தாம். குடும்ப அட்டைக்கு விலையில்லாமல் கிடைக்கும் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் கடையில் அரிசி வாங்கினோம். நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது, அதை வாங்குவதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. காய்கறிக்கு ஞாயிறு விடியற்காலையில் தென்னூர் உழவர் சந்தை. உணவகத்துக்குப் போவதை முழுவதுமாக நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு போவதை நிறுத்தினால் வீட்டில் எல்லோருக்கும் இந்தத் திட்டத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும் என்று தோன்றியது. கணவர் அலுவலகத்துக்கு வண்டியை எடுத்துப் போய்விடுவதால், வார நாள்களில் வீடு பார்க்கப் போவது என் பொறுப்பாயிற்று. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால், திருவெறும்பூர் முதல் உறையூர் வரை எத்தனை முறை போய்வந்தாலும் அதற்கெனத் தனிச் செலவு ஏற்படவில்லை. பேருந்தில் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு: நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடக்கும்போது, சாக்கடை எங்கே தேங்குகிறது, தெருவிளக்கு எங்கே இல்லை, மளிகைக் கடை எவ்வளவு தூரம் என்பவை தாமாகவே தெரிந்துவிடுகின்றன.

வீடு பார்க்க உகந்த பருவம் மழைக்காலம். கோடையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால் எந்தச் சுவர் நனைகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை யாரும் மறைக்க முடியாது. திருச்சியில் இது வெறும் எச்சரிக்கை உணர்வு சார்ந்த விஷயம் இல்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்தின் ஊடாக ஓடுகிறது; கோரையாறும் குடமுருட்டியும் மேற்குப் பகுதிகளைத் தொட்டுச் செல்கின்றன. 1977இலும் 2005இலும் நவம்பர் மாதத்தில் வந்த வெள்ளங்களைப் பற்றிப் பழைய குடித்தனக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். தரகரிடம் கேட்பதைக் காட்டிலும், எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம், "ஆத்தா, அந்த வெள்ளத்துல இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேட்பது மேல். ஒரு தெருவில் ஒரு பாட்டி பேசாமல் எழுந்து வந்து, தம் வீட்டுக் கதவு நிலையில் கையை வைத்துக் காட்டினார். அந்தத் தெருவில் நாங்கள் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை.

பத்திர விஷயத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலும் பட்டா விவரத்தை வருவாய்த் துறையின் இணையதளத்திலும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், பிடித்த வீடு ஒவ்வொன்றுக்கும் முதல் சல்லடையை நாங்களே போட்டோம். மாநகர எல்லைக்குள் நகர நில அளவைப் பதிவேட்டையும் பார்த்து, பத்திரத்தில் உள்ள அளவும் அரசுப் பதிவில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில் அதில் வராது. விற்பவரின் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் அதில் வராது.

உறையூரிலேயே சந்தை விலைக்கு நன்றாகக் குறைவாக ஒரு வீடு வந்தது. பூர்வீகச் சொத்து, அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க" என்றார் தரகர். 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும், அதன் பின் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமும் பெண் மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண் மக்களுக்கு நிகரான உரிமையைக் கொடுத்திருக்கின்றன. 2020இல் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவுபடுத்திவிட்டது. அந்தத் தங்கையின் கையெழுத்து இல்லாமல் வாங்குவது சட்டப்படி ஆபத்து என்பது ஒருபுறம். இன்னொரு பெண்ணின் பங்கை அவர் அறியாமல் விலைபேசும் இடத்தில் நான் உட்கார விரும்பவில்லை என்பது மறுபுறம். இந்த வீடு வேண்டாம் என்று வழக்கறிஞரும் எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கொடுத்த கட்டணத்தை வீண் செலவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

கடைசியில் அமைந்த வீடு நாற்பது ஆண்டுகள் பழையது. சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு, வாசற்கதவு தேக்கு, கூடத்தில் ரெட் ஆக்சைடு தரை. குறைகள் இரண்டு, இரண்டும் பெரியவை: மொட்டை மாடித் தளமும், கீழ்ச்சுவரில் ஏறியிருந்த ஈரமான ஓதமும்.

ஆடி மாதத்தில் புதுமனை புகுவோர் இல்லாததால், அப்போது எங்களுக்குக் கொத்தனார்கள் எளிதில் கிடைத்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் தளத்தை முடித்துவிட வேண்டும் என்பதால் அங்கேயே தொடங்கினோம். மேஸ்திரி ஒரு சிறு கம்பியால் தட்டோடுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். நன்றாகப் பிடித்திருந்த ஓடு கணீரென்றது; அடியில் சுண்ணாம்புக் கலவை விட்டுப்போன ஓடு டொப்பென்றது. டொப்பென்ற ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். தண்ணீர்க் குழாய் வாயை ஒட்டிய மூலை முழுவதும் கோடுகளாயிற்று. தெருப்பக்கம் ஏறத்தாழ ஒன்றுகூட இல்லை. ஆகவே தளம் முழுவதையும் பெயர்க்காமல், அந்த மூலையை மட்டும் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சரிவு கொடுத்துப் போட்டு, புதிய தட்டோடு பதித்தோம். மீதி இடத்தில் இணைப்புகளை மட்டும் சுரண்டி அடைத்தோம். மேலே வெள்ளையடித்ததில் படுக்கையறையின் மதிய வெக்கை நன்றாகக் குறைந்தது. முழுத் தளத்தையும் மாற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் கேட்டிருந்த தொகையில் பாதிகூட ஆகவில்லை.

சுவரில் நிலைமை வேறு. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை வண்ணப்பூச்சு உப்பி, உள்ளங்கையால் தடவினால் வெள்ளை மாவு போல உப்பு உதிர்ந்தது. "இதெல்லாம் சொரண்டிட்டு, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சா தெரியாதும்மா" என்றார் மேஸ்திரி. "தெரியாம இருக்கறது வேண்டாம்ணே, வராம இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் பொறுமை வேண்டும் என்றார். மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தியெடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, உப்பைத் தூரிகையால் துடைத்து, சில வாரங்கள் சுவரைத் திறந்தே விட்டோம். வீட்டின் பின்புறம் கழிவுநீர்க் குழாய் கசிந்து அடித்தளத்தை நனைத்துக்கொண்டிருந்ததையும் அந்த இடைவெளியில் கண்டுபிடித்து மாற்றினோம். ஓதத்தின் பாதிக் காரணம் அங்கேதான் இருந்தது. பிறகு சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் பூச்சைப் போல ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்காமல் சுவர் உலர அது வழிவிடுகிறது. சுவர் உலர்ந்துகொண்டிருந்த அந்த வாரங்களுக்கு வாடகை வீட்டிலும் இருந்தோம், வங்கித் தவணையும் கட்டினோம். மிகவும் இறுக்கிப் பிடித்துக் குடும்பம் நடத்தியது அப்போதுதான்.

பொருளை நாங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசிக்கொண்டோம். இதற்கு யாராவது ஒருவர் தினமும் அங்கே நிற்க முடிய வேண்டும். முடியாதவர்களுக்கு இம்முறை லாபமாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததால், அவசரமில்லாத சிமெண்ட் வேலைகளை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டோம்.

மின் வேலையில் எதையும் ஒத்திப்போடவில்லை. பழைய கம்பிகளின் உறை தொட்டால் நொறுங்கியது. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 எனத் தாமிரக் கம்பிகளை முழுவதும் புதிதாக இழுத்து, புதிய எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். குழந்தைகள் ஈரக்கையோடு ஓடும் வீட்டில் இதில் மிச்சம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மற்றவற்றில் தாராளமாக மிச்சம் பிடித்தோம். ரெட் ஆக்சைடு தரையின் மேல் டைல்ஸ் ஒட்டச் சொன்னவர்கள் பலர். நாங்கள் விரிசல்களை அடைத்து, சோப்பு நீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். வெறுங்காலுக்கு அதன் குளிர்ச்சி எந்த டைல்ஸிலும் இல்லை. கரையான் அரித்த இரண்டு சன்னல்களுக்குப் பதிலாக, இடித்த வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் கடையிலிருந்து பழைய தேக்கு சன்னல்கள் கிடைத்தன. அவற்றின் பழைய வண்ணத்தை நீக்குவதில் மட்டும் கவனம் வேண்டும். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்த்து, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

மின்விசிறிகள் நான்கையும் மாற்றியது செலவு போலத் தோன்றினாலும் கணக்கு வேறு. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், இப்போது மாட்டிய பி.எல்.டி.சி. வகை மோட்டார் விசிறி 30 வாட் அளவில் ஓடும். நான்கு விசிறிகள் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 160 யூனிட் குறைகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கட்டணம் கூடிவிடுகிறது. ஆகவே கோடையில் அந்த எல்லைக்குள் நிற்பது எங்களுக்கு மிகவும் தேவையாக இருந்தது.

மாடியில் சூரிய மின்தகடு போட வேண்டும் என்று கணவருக்கு ஆசை. மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் புதிதாகப் போட்ட தளம் ஒரு மழைக்காலத்தையாவது முழுதாகக் காண வேண்டும் என்பதும், தாங்கிகளைத் தளத்தில் துளையிட்டு இறுக்காமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும் என்பதும் என் நிபந்தனைகள். சமையலறை அலமாரியும் அதற்குப் பிறகுதான். தச்சரிடம் தை மாதத்துக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறோம். அதுவரை, முந்தைய வீட்டுக்காரர் போட்டிருந்த கடப்பாக்கல் தட்டுகளில் பாத்திரங்கள் அத்தனையும் தாராளமாக அடங்கியிருக்கின்றன.