ஆகஸ்டில் புத்தகத்தைத் தள்ளிக்கொண்டு போனோம்

ஆகஸ்ட் வந்தாலே கல்லூரி நூலகத்தில் எங்களுக்கு வேலை கூடிவிடும். 12ஆம் தேதி நூலகர் நாள், 15 சுதந்திர தினம், 29 தயான் சந்த் பிறந்த நாளான தேசிய விளையாட்டு நாள், இதற்கு நடுவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓரியன்டேஷன் வேறு. ஒவ்வொரு நாளுக்கும் வாசல் மேசையில் ஒரு டிஸ்ப்ளே, ஒரு சார்ட், நாலு போட்டோ, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான ஃபைலுக்கு ஒரு பக்க ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் எல்லா நாளும் 'சிறப்பாகக் கொண்டாடப்பட்டது' என்றுதான் இருக்கும். அன்றைக்கு எத்தனை புத்தகம் வெளியே போனது என்று அதில் யாரும் எழுதுவதில்லை, எனக்கு அது மட்டும்தான் கணக்கு.

நூலகர் நாள் என்றால் இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் நினைவாகத்தான் அந்த நாள். சீர்காழிக்காரர், பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த வேலை பிடிக்காமல், கொஞ்ச நாளிலேயே பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்து, இதே மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கலாமே என்று தோன்றியதுதான் பின்னாளில் கோலன் பகுப்புமுறை ஆனது. இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும், நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளையும் வரிசையாக ஒப்பித்தால் கொட்டாவிதான்.

1931இல் அந்த விதிகள் புத்தகமாக வந்த அதே வருஷம் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். சரி, நம்மிடம் மாடு இல்லாவிட்டால் என்ன, டிராலி இருக்கிறதே என்று இந்த முறை புதுப் புத்தகங்களை அடுக்கி கேன்டீன் வாசலுக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டோம். அங்கே நெட் கிடைக்கவில்லை, நூலக மென்பொருளான கோஹாவில் ஏற்ற முடியாது, அதனால் நோட்டில் ரோல் நம்பரும் புத்தகத்தின் பதிவு எண்ணான அக்செஷன் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பஃப்ஸ் சாப்பிட்ட கையோடு ஒரு பி.காம். பையன் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தான், கையைத் துடைத்துக்கொண்டு வா என்றேன். துடைத்துவிட்டு வந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "ஃபைன் எவ்ளோ சார்?"

புதுப் புத்தகம் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அது மேசைக்கு வருவதற்குள் பாதிப் புதுசு போய்விடுகிறது. பில் சரிபார்த்து, அக்செஷன் ரிஜிஸ்டரில் ஏற்றி, முத்திரை குத்தி, எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்திலும் ஒன்று குத்தி, பார்கோடு, டேட் ஸ்லிப், முதுகில் லேபிள் எல்லாம் ஒட்டி முடிப்பதற்குள் செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். இந்த முறை தமிழ் நாவல்களை மட்டும் முதலில் முடிக்கச் சொன்னேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க நாங்கள் போடும் டூயி எண் அவற்றுக்கு 894.8113, கவிதைக்கு 894.8111. கடைசியில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், லேபிளில் அது தேய்ந்துபோனால் நாவல் கவிதை ரேக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எல்லாப் புத்தகங்களையும் சரிபார்க்கும் ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரை அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

போட்டித் தேர்வு நூல்களும் வந்திருக்கின்றன, அவற்றுக்கு டிஸ்ப்ளேயே தேவையில்லை, பெட்டியைப் பிரிக்கும்போதே ஆள் நிற்கிறது.

செப்டம்பரில் 8 எழுத்தறிவு நாள், 11 பாரதி நினைவு நாள். பாரதி படத்துக்கு மாலை போடுவதைத் தமிழ்த்துறை பார்த்துக்கொள்ளும், நாங்கள் அவருடைய கட்டுரைகளையும் கதைகளையும் வெளியே எடுத்து வைக்கப்போகிறோம். கவிதைத் தொகுப்பு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அவருடைய உரைநடையைப் பெரும்பாலான பிள்ளைகள் தொட்டதே இல்லை. டிராலியை இந்த முறை ஹாஸ்டல் பக்கம் கொண்டுபோகலாமா என்று யோசனை, வார்டன் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், போன வருஷம் எடுத்த டிஎன்பிஎஸ்சி கைடை இன்னும் திருப்பித் தராத மூன்றாம் ஆண்டு நண்பர்களே, பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸில் கையெழுத்து போடுவது நான்தான்.