03/04 எந்த மாதம்?

பல நாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளை ஒரே தொகுப்பாக்கும் வேலை என்னிடம் வந்தது. கருத்தில் கைவைக்க வேண்டாம், தேதிகளையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

முதலில் எந்தப் பாணி என்று முடிவு செய்தாக வேண்டும். பிரிட்டிஷ் பாணியில் நாள், மாதம், ஆண்டு: 3 ஏப்ரல் 2024. நடுவே காற்புள்ளி கிடையாது. அமெரிக்கப் பாணியில் மாதம் முன்னால் வரும்: ஏப்ரல் 3, 2024. அந்தத் தேதி வாக்கியத்தின் நடுவில் வந்தால் ஆண்டுக்குப் பிறகும் ஒரு காற்புள்ளி உண்டு. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பிரிட்டிஷ் பாணியை எடுத்துக்கொண்டோம். புள்ளி குறைந்தால் பிழையும் குறையும் என்பது என் கட்சி.

படுத்தி எடுத்தவை வெறும் எண்களில் எழுதிய தேதிகள். 25/04/2024 என்றால் சரி, 25ஆவது மாதம் என்று ஒன்று இல்லை. ஆனால் 03/04/2024? ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். நாளும் 12க்குள் இருந்து, மாத எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் இந்தச் சிக்கல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் வருடத்தில் 132 நாட்கள் இப்படி. எழுதியவரின் நாட்டை வைத்து ஊகிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஊர் மாறி வேலை செய்பவர்கள் இரண்டு வழக்கத்தையும் கலந்துவிடுகிறார்கள். அதனால் அதே கட்டுரையில் 12ஐத் தாண்டிய எண் எங்காவது இருக்கிறதா, அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடினேன். அதுவும் இல்லையென்றால் கிழமை. இந்தத் தேதியின் பக்கத்திலேயே புதன்கிழமை என்று இருந்தது. 2024இல் ஏப்ரல் 3தான் புதன். மார்ச் 4 திங்கள். எதுவும் கைகொடுக்காத இடங்களில் எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டேன்.

அட்டவணைகள் தனிக் கூத்து. தேதி போலத் தெரிவதையெல்லாம் எக்செல் தானாகவே தேதியாக்கிவிடும் என்பதால், நுழைப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'உரை' என்று மாற்றி வைத்தேன். இதே தொல்லையால்தான் செப்ட்1, மார்ச்1 போன்ற மனித மரபணுக் குறியீடுகளையே மாற்ற வேண்டி வந்தது. புதிய பெயரிடல் விதிகள் 2020இல் வெளிவந்தன. மென்பொருளுக்காக அறிவியல் விட்டுக்கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

கோப்புப் பெயர்களுக்கு மட்டும் 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவம். பெயர்வரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். வாக்கியத்துக்குள் அது படிக்க நன்றாக இருக்காது.

மீதி எல்லாம் சில்லறை வேலை. மாதமோ ஆண்டோ மட்டும் என்றால் ஆங்கில 'இன்' (in), குறிப்பிட்ட நாள் என்றால் 'ஆன்' (on). தொண்ணூறுகளைக் குறிக்க 1990க்குப் பின் 'எஸ்' (1990s) மட்டும். நடுவே மேலே நிற்கும் கொம்பு (’) வேண்டாம். நாளுக்குப் பின்னால் ஒட்டும் 'எஸ்டி' (1st), 'டிஎச்' (4th) வால்களைப் பேச்சில் சொல்லலாம், எங்கள் பாணியில் எழுதுவதில்லை. சரிபார்க்க அனுப்பிய பிரதியில் ஒருவர் அந்த வால்களையெல்லாம் பொறுமையாகத் திரும்ப ஒட்டி அனுப்பினார். நானும் பொறுமையாக மறுபடி வெட்டினேன்.