ஸ்கிரிப்ட் ‘முடிந்தது’ என்றது, சர்வர் கேட்கவில்லை

கடவுச்சொல் போட்டு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக நுழைவதை எல்லா சர்வரிலும் நிறுத்த வேண்டும், சாவி மட்டும் போதும் என்பதுதான் வேலை. இதற்கென்றே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் முன்பிருந்தவர்களிடமிருந்து கைமாறி வந்திருந்தது. இந்த வேலைக்கென்று உள்ளே இருந்தது ஒரே ஒரு செட் (sed, கோப்பில் தேடி மாற்றும் கட்டளை) வரிதான்: ‘பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் யெஸ்’ என்று தொடங்கும் வரியை ‘நோ’ ஆக்கு. ஓட்டியதும் எல்லா சர்வரிலும் ‘முடிந்தது’ என்று அச்சடித்தது. பாதுகாப்புச் சோதனையில் பார்த்தால் பல சர்வர்கள் இன்னும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தன.

சிலவற்றில் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் (#) குறி; அதாவது அது வெறும் குறிப்பு வரி, செட் தேடியபடி தொடங்கவில்லை. தேடியது கிடைக்காவிட்டால் செட் வாயே திறக்காது. எதையும் மாற்றாமல், பிழையில்லை என்று பொருள்படும் 0-வோடு திரும்பிவிடும். ஸ்கிரிப்ட்டும் அதை நம்பி ‘முடிந்தது’ போடுகிறது. மாற்றிய பிறகு ஒரு கிரெப் (கோப்பில் வரியைத் தேடும் கட்டளை) வைத்து, வரி இல்லையென்றால் நின்றுவிடச் சொல்லியிருக்கலாம் புண்ணியவான்கள்.

சரி, ஹாஷோடு சேர்த்துத் தேடும்படி திருத்தியாயிற்று. இப்போது கோப்பில் பளிச்சென்று ‘நோ’. ஆனாலும் உபுண்டு சர்வர்கள் சில அசையவில்லை. என் நேரத்தைத் தின்றது இதுதான். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்கும் சர்வர் நிரல்) முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும்; பின்னால் வருவதை மதிக்காது. உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் மேற்பகுதியிலேயே வேறு கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது. அது இழுத்துவரும் அடைவில், கிளவுட்-இனிட் (புது சர்வரை முதன்முதலில் தயார்செய்யும் நிரல்) போட்டுவைத்த 50 என்று தொடங்கும் கோப்பில் ‘யெஸ்’ உட்கார்ந்திருந்தது.

காட்டிக்கொடுத்தது பெரிய எழுத்து ‘டி’ சுவிட்ச். எஸ்எஸ்எச்டியைச் சிறிய ‘டி’யோடு ஓட்டினால் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பெரிய ‘டி’யோ எல்லாக் கோப்புகளையும் படித்து, கடைசியில் எது செல்லுபடியாகும் என்று வரிவரியாகக் கொட்டிவிடும். ஸ்கிரிப்ட் சரிபார்க்க வேண்டியது இந்த வெளியீட்டைத்தான்.

அப்புறம் செட்டையே தூக்கிவிட்டேன். அதே அடைவில் 10 என்று தொடங்கும் தனிக் கோப்பு, உள்ளே நமக்கு வேண்டிய வரி மட்டும். கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுவதால் 50-க்கு முன்பே இது கண்ணில் படும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே கோப்புதான். முதன்மைக் கோப்பின் அடியில் எக்கோவால் வரி ஒட்டும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்: கடைசியில் ஒரு ‘மேட்ச்’ பகுதி (குறிப்பிட்ட பயனர் அல்லது முகவரிக்கு மட்டுமான அமைப்புகள்) இருந்தால் ஒட்டிய வரி அந்தப் பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். புது அமைப்பைப் படிக்கவைக்க எஸ்எஸ்எச்டியை ரீலோட் செய்யும்போது ஏற்கெனவே நுழைந்திருக்கும் ஒரு அமர்வை மூடாதீர்கள். புது ஜன்னலில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு மூடலாம்.

அதே ஸ்கிரிப்ட்டில் இன்னொரு வம்பும் இருந்தது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் சைட்ஸ்-எனேபிள்டு அடைவுக்குள்ளேயே ‘.பேக்’ பிரதி எடுத்துவைக்கிறது. அங்கே எந்தப் பெயரில் கோப்பு இருந்தாலும் என்ஜின்எக்ஸ் படிக்கும். ஒரே முகவரி-போர்ட்டுக்கு டிஃபால்ட் சர்வர் இரண்டு என்று சொல்லி ரீலோட் ஆக மறுத்தது. பிரதியை அடைவுக்கு வெளியே நகர்த்தியதும் ஓடியது.