மொறிஸ் மைனருக்குத் தண்ணிப் போத்தல்: மூடியோடு மூன்று கிழமை

ரேடியேற்றரில் சூடேறிப் பெருகி வழிகிற தண்ணியைப் பிடித்து வைத்து, ஆறினதும் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் போத்தல். இண்டைக்குக் காலமை பொனற்றைத் திறந்து பார்த்தேன். போத்தலில் மார்க்கரால் போட்ட கோட்டில் தண்ணி வந்து நிற்கிறது. நேற்றுப் பின்னேரம் ஆனையிறவு வரை போய்வந்து நிறுத்தியபோது கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஏறினதெல்லாம் இரவோடிரவாக ரேடியேற்றருக்குத் திரும்பிவிட்டது. மூன்று கிழமையாக இதைப் பார்க்கத்தான் தவித்துக்கொண்டிருந்தேன்.

கார் 1963 மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி. ரேடியேற்றரின் மேல் தொட்டியில் ஒரு அங்குலம் குறைய விட்டால் தண்ணி வெளியே போகாது, பிறகேன் போத்தல் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் எங்கள் வீட்டில் காலமையில் மூடியைத் திறந்து, குறைந்திருந்தால் விளிம்பு மட்டும் கிணற்றுத் தண்ணி விடுவது அப்பா காலத்துப் பழக்கம். உள்ளே நிற்பது சுமார் 5 லீற்றர். சூடேறும்போது அது நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு பெருக்கும். 150, 200 மில்லிலீற்றர் றோட்டில் போய்விடும், அடுத்தநாள் அந்தளவுக்குப் புதுத்தண்ணி உள்ளே வரும். யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் ரேடியேற்றர் குழாய்களிலும் படிகிறது. மண்ணெண்ணெயில் ஓடின தொண்ணூறுகளிலும் இந்தக் கார் குடித்தது எங்கள் கிணற்றைத்தான். போன வருசம் ரேடியேற்றரைக் கழற்றிக் கொடுத்தபோது பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தன. இனி ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணியும் உள்ளே போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

போத்தல் சுன்னாகத்தில் பழைய சாமான் கடையொன்றில் எடுத்தது. உடைத்துப் போட்ட நிசான் சன்னி கார் ஒன்றினுடையது. மஞ்சள் பிடித்திருந்தாலும் வெடிப்பில்லை. குழாய் மட்டும் தெளிவாக உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாயாகப் போட்டேன். அதைப் போடாமல் இருந்திருந்தால் பிழையைக் கண்டே பிடித்திருக்க மாட்டேன்.

முதல் ஓட்டத்தில் போத்தலுக்குத் தண்ணி வந்தது. ஆறினபிறகும் அங்கேயே நின்றது. இரண்டாம் ஓட்டத்தில் இன்னும் ஏறியது. ரேடியேற்றரைத் திறந்தால் உள்ளே குறைந்திருக்கிறது. ரேடியேற்றர் மூடியின் நடுவில், ஆறும்போது தண்ணியை உள்ளே விடுகிற சின்ன வால்வு இறுகியிருந்தால் ஆறும்போது மேல் ஹோஸ் சப்பளிந்துவிடும். என்னுடையது சப்பளியவில்லை. அப்படியென்றால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது. ரேடியேற்றர் ஒட்டுற அண்ணையிடம் மூடியைக் கொண்டுபோனேன். கையில் வாங்கின உடனேயே சொன்னார்:

“தம்பி, உந்த மூடியில மேல றப்பர் இல்லை. ஆறேக்கை அது காத்தைத்தான் இழுக்கும், தண்ணியை இழுக்காது.”

பழைய மூடிக்குக் கீழ் றப்பர் மட்டும்தான். மேலே வெறும் தகட்டுச் சுருள். தண்ணியை றோட்டில் விடுகிற காருக்கு அது போதும். திரும்ப இழுக்க வேண்டுமென்றால் மூடியின் உள்விளிம்பிலும் றப்பர் வளையம் வேண்டும்.

அப்படியொரு மூடியை, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் தேடச் சொன்னேன். யப்பான் மூடிகள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் பெரும்பாலும் 0.9 என்று அடித்தவை. மூடி தாங்கிப் பிடிக்கிற அழுத்தம் அது, ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). அறுபது வருச ஈயப்பற்றுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. 7 பிஎஸ்ஐயே கொதிநிலையை 111 பாகைக்கு ஏற்றிவிடும், எங்களுக்கு அது தாராளம். ஒருபடியாக 7 பிஎஸ்ஐ மூடி கிடைத்தது, வந்தது, பூட்டினேன். எஞ்சின் சூடாக முன்னமே போத்தலுக்குத் தண்ணி ஓடத் தொடங்கியது. அளந்து பார்த்தால் மூடி பூட்டுகிற ரேடியேற்றர் கழுத்தின் ஆழம் 25 மில்லிமீற்றர், மூடி 19 மில்லிமீற்றர் கழுத்துக்கானது. கீழ் றப்பர், கழுத்துக்குள்ளே அது அமர வேண்டிய இருக்கையைத் தொடவேயில்லை. மூடி வாங்குகிறவர்கள் தயவுசெய்து பிஎஸ்ஐயைப் பார்க்கமுன் ஆழத்தை அளவுங்கள்.

கடைசியில் கழுத்தையே மாற்றினோம். பழைய பித்தளை ரேடியேற்றர் ஒன்றிலிருந்து 19 மில்லிமீற்றர் கழுத்தை வெட்டியெடுத்து அண்ணை ஒட்டித் தந்தார். பக்கத்துக் குழாயின் ஒட்டு உருகாமல் ஈரச்சீலை சுற்றி அவர் செய்த வேலை அவ்வளவு சுத்தம். பூட்டி ஓட்டினேன். ஆறும்போது தண்ணி திரும்பியது, ஆனால் குழாய்க்குள் முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகளும் சேர்ந்து போயின.

ஒரு முழுச் சனிக்கிழமை இந்தக் குமிழிக்கே போனது. கிளிப்புகளை மாற்றினேன், குழாயை மாற்றினேன், குமிழி நிற்கவில்லை. பிறகு கழுத்து விளிம்பில் பேனை மை பூசி, மூடியை அழுத்திப் பூட்டிக் கழற்றினேன். றப்பரில் மை வட்டமாகப் பதிந்திருந்தது, ஒரு இடத்தில் மட்டும் நகக்கண் அளவு வெறுமை. அந்த இடத்தில் விளிம்பு நெளிந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவேயில்லை. மெல்லியதாக ஈயம் வைத்து, கண்ணாடித் துண்டில் எமறித்தாளை ஒட்டி, கழுத்தின்மேல் கவிழ்த்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். நாலாம் தடவை மை முழு வட்டமாக வந்தது. அந்தச் சந்தோசத்தை மைனர் வைத்திருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உள்ளே இப்போது நிற்பது பாதிக்குப் பாதி: பற்றறிக்கு விடுகிற தண்ணியும், எதிலின் கிளைக்கோல் கூலன்ரும். எங்களுக்கு உறைபனி இல்லை, கூலன்ற் விட்டது துருவுக்காக. இதற்குப் பிறகு டைனமோவைக் கழற்றி அல்ரனேற்றர் போட யோசனை. பற்றறியின் பொசிற்றிவ் முனையைக் காரின் உடம்போடு இணைத்திருக்கிற பொசிற்றிவ் ஏர்த்தை மாற்ற வேண்டும், றேடியோவையும் பார்க்க வேண்டும். ஒருவர் நல்ல நிலையில் அல்ரனேற்றர் ஒன்று வைத்திருக்கிறாராம், வருகிற கிழமை கோண்டாவில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

அதற்குமுன் போத்தலுக்கு ஒரு தாங்கி செய்ய வேண்டும். இப்போதைக்கு பற்றறித் தட்டுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டித்தான் நிற்கிறது.